லெப்பர்ட் கெக்கோ வீட்டுக்குள் தொலைந்துவிட்டது: எங்கே, எப்படித் தேடுவது?

மஞ்சள்வரி

வணக்கம். என் வளர்ப்புப் பல்லியான லெப்பர்ட் கெக்கோவைத் தொட்டியில் காணவில்லை. பெயர் மிளகு, நன்றாக வளர்ந்த பெண், ஒரு சாண் நீளம் இருப்பாள். நேற்று இரவு புழு வைக்கப் போனபோதுதான் தெரிந்தது. தொட்டியின் பின்பக்கத்தில் ஒயர் நுழையும் துளையை அடைத்திருந்த ரப்பர் மூடி கழன்று உள்ளே கிடக்கிறது. அறைக்கதவு பகல் முழுவதும் திறந்தே இருந்திருக்கிறது.

கட்டிலடி, மேஜையடி, திரைச்சீலை மடிப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. வீட்டில் ஒரு பூனையும் உண்டு. கூடத்துச் சுவரில், குழல்விளக்குக்குப் பக்கத்தில், ஒரு பல்லி நின்றதாக அம்மா உறுதியாகச் சொல்கிறார். அது மிளகாக இருக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

பழங்காவலன்

முதல் வேலை பூனையை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது தொட்டி. எட்டிப் பார்த்தால் போதாது. ஒளிவிடங்களைத் தூக்கி, தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் பார்த்து, மண்ணை விரலால் மெதுவாகத் துழாவி, பின்சுவரில் ஒட்டியிருக்கும் தெர்மாகோல் பாறைக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். காணவில்லை என்று இங்கே பதறி வருபவர்களில் பலருடைய பல்லி தொட்டிக்குள்ளேயேதான் இருக்கும். ரப்பர் மூடி கழன்றிருப்பதால் உங்கள் பல்லி வெளியேறியிருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா பார்த்தது மிளகு அல்ல. கெக்கோ எனப்படும் பல்லி இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு விரலடியில் ஒட்டுத் தகடுகள் உண்டு. லெப்பர்ட் கெக்கோவுக்குக் கிடையாது. அதன் விரல்கள் மெலிந்தவை, நுனியில் நகம் மட்டும் இருக்கும். வழுவழுப்பான சுவரிலும் கண்ணாடியிலும் அதனால் ஏற முடியாது. சந்தேகம் இருந்தால் அடுத்த முறை கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். உங்களுடையது கண்ணை மூடித் திறக்கும். ஆகவே கூரையைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். தரையிலும், சுவரும் தரையும் சேரும் ஓரத்தைப் பாருங்கள். வெட்டவெளியாக இருக்கும் நடு அறையை அது குறுக்கே கடப்பது குறைவு. உடம்பின் ஒரு பக்கம் எதிலாவது உரசிக்கொண்டே போவதுதான் அதன் வழக்கம்.

நகம் பிடிக்கும் சொரசொரப்பான துணி கிடைத்தால் கொஞ்சம் ஏறும். தரைவரை தொங்கும் போர்வை, அழுக்குத்துணிக் கூடை, செருப்பு, ஷூ இவற்றை உதறாமல் கையால் தடவிப் பாருங்கள். பல்லி கிடைக்கும்வரை துணி துவைக்கும் இயந்திரத்தில் எதைப் போட்டாலும் ஒவ்வொரு துணியாகப் பிரித்துப் போடுங்கள். வாக்யூம் கிளீனரைத் தொட வேண்டாம். பூச்சி மருந்து, கொசுவிரட்டி ஸ்பிரே எதுவும் அடிக்க வேண்டாம்.

இரவுக்காவல்

பழங்காவலன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வீடு முழுவதும் தேடுவதைவிட வீட்டைத் துண்டுதுண்டாகப் பிரிப்பது முக்கியம். எல்லாக் கதவுகளையும் சாத்தி, அடியில் இருக்கும் இடைவெளியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். ஓர் அறையைப் பார்த்து முடித்ததும் அந்தக் கதவு மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் பார்த்து முடித்த அறைக்கு அது உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

டார்ச்சை நின்றுகொண்டு மேலிருந்து அடிக்காதீர்கள். தரையில் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடியுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் மண் நிறப் பல்லியும் மண் நிறத் தரையும் ஒன்றாகிவிடும். கிடையாக அடித்தால் கிடக்கும் ஊக்குக்குக்கூட நீள நிழல் விழும். விளக்கை அணைத்து, வீடு அடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தேடுங்கள். அது அந்தியிலும் இரவிலும் நடமாடும் பிராணி. பகலில் தேடுவது தூங்குகிறவளைத் தேடுவது. இரவில் நடப்பவளைத் தேடலாம்.

வண்ணக்கல்

தெர்மல் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறதே, அதை எடுத்தால் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடாதா?

இரவுக்காவல்

முடியாது. தெர்மல் கேமரா வெப்ப வித்தியாசத்தைத்தான் காட்டும். பல்லி தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. தொட்டியைவிட்டு வந்து சிறிது நேரத்திலேயே தரை என்ன சூடோ அதே சூட்டுக்கு வந்துவிடும். கேமராவில் தரையும் பல்லியும் ஒரே நிறமாகத் தெரியும். பூனையை வேண்டுமானால் அருமையாகக் காட்டும்.

அசைவு கண்டால் பதிவு செய்யும் கண்காணிப்புக் கேமராக்களிலும் பலவற்றுக்கு இதே சிக்கல் உண்டு. அவை உடல் வெப்பத்தின் அசைவை வைத்து விழித்துக்கொள்பவை. பல்லி எதிரே நடந்து போனாலும் விழிக்காது. பழைய கைபேசி ஒன்றைத் தரைமட்டத்தில் சாய்த்துவைத்து, மங்கலான விளக்கு ஒன்றை எரியவிட்டு, இரவு முழுவதும் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். காலையில் வேகமாக ஓட்டிப் பார்க்கலாம்.

நேர்வழி

கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு கேள்வி. இது பல்லிதானே? வீட்டுப் பல்லி யாருடைய உதவியும் இல்லாமல் காலகாலமாக வீட்டில் வாழ்கிறது. இதுவும் பூச்சி பிடித்துத் தின்று கொண்டு இருந்துவிட்டுப் போகட்டுமே. இதற்காக வீட்டையே புரட்டிப்போடுவானேன்?

பழங்காவலன்

வீட்டுப் பல்லி சுவரில் ஏறி விளக்கடியில் பூச்சி பிடிக்கும். இதற்குச் சுவரே ஏற வராது என்று இப்போதுதான் எழுதினேன். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பக்கத்து வறண்ட பாறை நிலத்துப் பிராணி இது. வயிற்றுக்கு அடியில் 31, 32 டிகிரி சூடு இருந்தால்தான் தின்றது செரிக்கும். சுண்ணாம்புச்சத்தைப் புழுவின் மேல் தூவித் தருகிறோம். தரையில் கிடைக்கும் எறும்பில் அது கிடைக்காது. காலில் மிதிபடும், கதவில் நசுங்கும், இந்த வீட்டில் பூனை வேறு. தப்பி வெளியே போனால் அங்கும் அதற்கு இடமில்லை.

ஒரு விஷயம் மட்டும் ஆறுதல். அதன் வால் ஒரு கொழுப்புச் சேமிப்பு. வால் பருத்த, நோயில்லாத வளர்ந்த பல்லி உணவில்லாமல் இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். குட்டிக்கு அந்த வசதி இல்லை. பசியைவிடத் தண்ணீர்தான் அவசரம். ஒவ்வோர் அறையிலும் சுவரோரமாக ஒரு ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள்.

நேர்வழி

சரி, அப்படியென்றால் தேடத்தான் வேண்டும். ஆனால் நான் சொன்னதில் பாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். சோபாவையும் அலமாரியையும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுப்பதை நிறுத்துங்கள். பல்லி இருக்கிறதோ இல்லையோ என்று பார்க்கப் போய் அதன் மேலேயே காலை இறக்கிவிடுவீர்கள்.

பழங்காவலன்

இதில் நேர்வழியோடு எனக்குச் சண்டையே இல்லை. கனமான சாமானை நகர்த்துவதாக இருந்தால் முதலில் அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, பிறகு இழுக்காமல் நேராகத் தூக்கி வையுங்கள். சாய்வு நாற்காலியின் மடக்குக் கம்பிகளை இயக்கவே கூடாது. சோபாவைக் கவிழ்த்தால் அடியில் மெல்லிய கறுப்புத் துணி அடித்திருக்கும். அதில் கிழிசல் இருந்தால் உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும்.

சத்தமும் கலவரமும் அதிகமானால் அது இன்னும் ஆழமாகப் போய்ப் பதுங்கும். பகலில் பொறுமையாக ஒரு சுற்று, இரவில் ஒரு சுற்று, அது போதும். மீதி நேரத்தில் அது தானாக வெளிவருவதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

ஈரப்பாசி

இந்த இழையை வேறு கெக்கோ வளர்ப்பவர்கள் படித்துவிட்டு அப்படியே பின்பற்றிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் வளர்ப்பது கிரெஸ்டட் கெக்கோ. அது தப்பினால் இங்கே சொன்னதில் பாதி தலைகீழ். அதற்கு விரலடித் தகடு உண்டு; அதிலுள்ள நுண்ணிய மயிர்கள் ஒவ்வொன்றும் வான் டெர் வால்ஸ் விசையால் (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு) பரப்பைப் பற்றுகின்றன. ஆகவே உயரத்தில் தேட வேண்டும்: திரைச்சீலைக் கம்பி, கதவின் மேல்விளிம்பு, மாட்டிய படத்தின் பின்பக்கம், அலமாரியின் உச்சி. சூடும் அதற்கு ஆகாது. 22 முதல் 26 டிகிரிவரை அதற்குச் சுகம், 28-ஐத் தாண்டினாலே தொல்லை. ஆதலால் சூடான மூலையை விட்டுவிட்டுக் குளியலறை, தொட்டிச்செடி, ஈரமான ஜன்னலோரம் என்று தேடுங்கள். தாவும் என்பதால் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோகாதீர்கள்.

அதன் தாயகமான பசிபிக் தீவு நியூ கலிடோனியாவில் அந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். 1994-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். ஒளிவதில் அவ்வளவு தேர்ந்த வம்சம். என்னுடையது ஒருமுறை சுவர்க்கடிகாரத்தின் பின்னால் நாள்கணக்கில் இருந்தது. நான் அந்தக் கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டே தேடியிருக்கிறேன்.

கதவிடுக்கு

ஒட்டும் அட்டைப் பொறியைச் சுவரோரம் வைத்தால் மாட்டிக்கொள்ளுமே?

ஊர்வனநலம்

தயவுசெய்து வேண்டாம். நான் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்ப்பவள். பசையில் ஒட்டிய பல்லி துடித்துத் துடித்து வாலைக் கழற்றும், தோலும் கிழியும், முகம் ஒட்டிவிட்டால் மூச்சே நின்றுவிடும். எலிக்காகவோ கரப்பானுக்காகவோ வீட்டில் ஏற்கெனவே அந்த அட்டை இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். எங்காவது ஒட்டியே விட்டால் பிடித்து இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஒட்டிய ஓரத்தில் சிறிது சிறிதாகத் தடவி, பசை இளக இளக விடுவித்து, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மூக்கிலும் வாயிலும் எண்ணெய் போகக் கூடாது.

குட்டித்தவளை

அண்ணா, அறையில் நிறையச் சுவர்க்கோழிகளைத் திறந்துவிட்டால் அதைத் தின்ன வெளியே வராதா?

பழங்காவலன்

வராது தம்பி. சுவர்க்கோழி அறை முழுவதும் சிதறிப் போய்விடும். பல்லி ஒளிந்த இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும். பசித்த சுவர்க்கோழிகள் தூங்கும் பல்லியைக் கடிக்கவும் செய்யும். வழுவழுப்பான விளிம்புள்ள கிண்ணத்தில் சில மாவுப்புழுக்களை வையுங்கள். அவை ஏறி வெளியே வர முடியாது. இரை ஓரிடத்தில் இருந்தால்தான் பல்லியும் ஓரிடத்துக்கு வரும்.

மஞ்சள்வரிக்கு, நான் செய்யச் சொல்லும் பெட்டி இதுதான். காலணி அட்டைப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் தரையோடு ஒட்டினாற்போல் சிறு வாசல் வெட்டுங்கள். பெட்டியின் பாதிக்கு மட்டும் அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு). சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்ட வேண்டாம். மறுபாதியில் ஈரப்பாசியோ நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டோ வையுங்கள். அதன் பழைய ஒளிவிடத்தைக் கழுவாமல் அப்படியே உள்ளே வைத்தால் தன் வாசனை இருக்கும். வாசலின் ஒரு விளிம்பு சுவரை ஒட்டியிருக்க வேண்டும். பெட்டியைச் சுவரோரமாகவே வையுங்கள், நடு அறையில் வைத்துப் பயனில்லை. அறை கொஞ்சம் குளிர்ந்திருக்கட்டும். வீடெல்லாம் இதமாக இருந்தால் அது உங்கள் பெட்டியைத் தேடி வர வேண்டிய தேவையே இல்லை.

மஞ்சள்வரி

எல்லோருக்கும் நன்றி. தொட்டியைக் காலி செய்து பார்த்துவிட்டேன், இல்லை. பூனை அக்கா அறையில் சிறைவாசம், கத்திக்கொண்டே இருக்கிறது. கதவிடுக்கெல்லாம் துண்டு அடைத்தாயிற்று. குளிர்பதனப் பெட்டியின் பின்னால் சூடாக இருக்குமே என்று நினைத்து அங்கேயும் டார்ச் அடித்துப் பார்த்தேன், தூசிதான் இருந்தது. அம்மாவின் சுவர்ப் பல்லி மறுபடி வந்தது, கண்ணை நக்கியது, வழக்கு முடிந்தது.

இரவில் எதுவும் தென்படவில்லை. ஆனால் என் அறைச் சுவரோரம், அலமாரிக்கும் புத்தக அடுக்குக்கும் நடுவில், சிறு எச்சம் ஒன்று கிடந்தது. அது அவளுடையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊர்வனநலம்

நுனியில் வெள்ளை அல்லது மங்கிய மஞ்சளில் ஒரு துளி ஒட்டியிருந்தால் அது பல்லியுடையது. சிறுநீரின் கழிவு உப்பு அது. எலிப்புழுக்கையில் அந்த வெள்ளை இருக்காது. வீட்டுப் பல்லியின் எச்சத்திலும் வெள்ளை உண்டு, ஆனால் அரிசி அளவில் மெலிதாக இருக்கும். ஒரு சாண் நீள லெப்பர்ட் கெக்கோவின் எச்சம் அதைவிடத் தெளிவாகப் பருமன். காகிதத்தால் எடுத்துவிட்டு இடத்தைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நலமாகத் தெரியும் பல்லியின் எச்சத்திலும் மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

மஞ்சள்வரி

பருமன்தான். வெள்ளையும் இருக்கிறது. அப்படியென்றால் என் அறையைவிட்டே அவள் போகவில்லை!

இரவுக்காவல்

இனி மாவு தூவுங்கள். சலித்த மாவு, மணமூட்டிய பவுடர் வேண்டாம். அலமாரியின் முன்னும் பின்னும், புத்தக அடுக்கின் ஓரத்தில், வாசற்படியில் கைப்பிடி அகலத்துக்கு மெல்லிய பட்டையாகத் தூவி, தட்டையாகத் தட்டிவிடுங்கள். மேலே நடந்தால் விரல் பதிய வேண்டும், புழுதி கிளம்பக் கூடாது. பல்லியின் தடத்தில் இரு பக்கமும் சிறு விரல் புள்ளிகளும், சில இடங்களில் நடுவில் வால் இழுபட்ட கோடும் தெரியும். கரப்பான் தடத்தில் விரல் இருக்காது. காலையில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்புக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

காதுக்கும் வேலை உண்டு. கசங்கிய பிளாஸ்டிக் உறையை ஓரங்களில் போட்டுவைத்தால், மேலே நடக்கும்போது சலசலக்கும். நீங்கள் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மஞ்சள்வரி

தடம் கிடைத்துவிட்டது. விரல் விரலாக, இரவுக்காவல் சொன்ன மாதிரியே வால் கோடும் இருக்கிறது. புத்தக அடுக்கின் பின்னாலிருந்து வந்து அலமாரியின் அடிப்பலகையில் போய் முடிகிறது. மறுபடி வெளியே வந்த தடமும் பக்கத்திலேயே இருக்கிறது. அடிப்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. டார்ச் அடித்தால் முன்பகுதி மட்டும் தெரிகிறது, உள்ளே இருட்டு. அந்தப் பலகையைக் கழற்றலாமா? இரண்டு ஆணிதான்.

நேர்வழி

கழற்றாதீர்கள். இரவு தானே வெளியே வருகிறாள் என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாளே.

பழங்காவலன்

கழற்ற வேண்டாம். ஆணி பிடுங்கும் அதிர்ச்சிக்கே வாலை விட்டுவிடுவாள். மறுபடி வளரும், ஆனால் முதல் வாலின் வடிவம் வராது. குட்டையாக, உருண்டையாக இருக்கும். (கிரெஸ்டட்டுக்கு அதுவும் வளராது.)

பெட்டியை இடைவெளிக்கு ஒரு முழம் தள்ளி, அதே சுவரோரம், வாசல் அவள் வரும் பக்கம் பார்க்கும்படி வையுங்கள். புத்தக அடுக்குப் பக்கம் போகும் வழியைப் போர்வைச் சுருளால் அடைத்துவிடுங்கள். பெட்டிக்குள் இல்லாமல் வெளியே கண்டால் முதலில் அவள் திரும்பி ஓடும் இடைவெளியைத் துண்டால் அடையுங்கள், அதற்குப் பிறகுதான் பிடிப்பது. மேலிருந்து கையைக் கொண்டுவந்தால் அவளுக்கு அது பருந்து. பக்கவாட்டில் இருந்து, வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுங்கள். வாலைத் தொடவே கூடாது. மிரண்டிருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகுங்கள். வால் விளிம்பில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்வரி

கிடைத்துவிட்டாள்!!

பெட்டிக்குள் போகவில்லை. வாசலில் தலையை மட்டும் நீட்டி, சூட்டுக்குப் பக்கத்தில் தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தாள். பிளாஸ்டிக் உறை சலசலத்ததால்தான் எனக்குத் தெரிந்தது. இடைவெளியைத் துண்டால் அடைத்து, கையைக் கொடுத்ததும் தானே ஏறிக்கொண்டாள். வால் முழுதாக இருக்கிறது. முதுகெல்லாம் ஒட்டடை. பின்னங்கால் விரல் ஒன்றில் நூலோ முடியோ சுற்றியிருக்கிறது, விரல் நுனி சற்றுச் சிவந்து வீங்கியிருக்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்? பசியாக இருப்பாள், உடனே புழு தரலாமா?

ஊர்வனநலம்

புழு இப்போது வேண்டாம். உடம்பு குளிர்ந்திருக்கும்போது தின்றால் வயிற்றில் செரிக்காமல் கிடக்கும். முதலில் சூடான பக்கத்தோடு அவளுடைய தொட்டி, தண்ணீர், ஈரப்பெட்டி (ஈரப்பாசி வைத்த ஒளிவிடம்). ஒரு நாள் சூட்டில் இருந்து தேறிய பிறகு வழக்கத்தைவிடக் குறைவாகத் தாருங்கள்.

விரலில் இருக்கும் நூல்தான் முக்கியம். அது இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து விழுந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை அவளுடைய முழங்கால் அளவுக்கு மட்டும் ஊற்றி, பத்து நிமிடம் அருகிலேயே இருந்து நிற்கவையுங்கள். ஊறிய பிறகு ஈரமான காதுப்பஞ்சுக் குச்சியால் நூலின் நுனியைத் தேடிப் பிரித்துப் பாருங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். வரவில்லை என்றாலோ, வந்த பிறகும் வீக்கம் வடியவில்லை என்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கண் குழிந்திருக்கிறதா, தோல் மடிப்பு கிள்ளினால் அப்படியே நிற்கிறதா என்று பார்த்தால் நீர் வற்றியிருப்பது தெரியும். எடை பார்த்துக் குறித்துவையுங்கள்.

பூனை நெருங்கியிருக்க வாய்ப்புண்டா? உடம்பில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் அதே நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பூனைப் பல்லின் கிருமி ஊர்வனவற்றை வேகமாகச் சாய்த்துவிடும்.

மஞ்சள்வரி

பூனைக் கடி இல்லை, விளக்கொளியில் உடம்பு முழுவதும் பார்த்தேன். தண்ணீரில் ஊறியதும் நூல் தளர்ந்து வந்துவிட்டது. அக்காவின் நீள முடிதான் அது. கண் குழியவில்லை. எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, வால் அப்படியே பருமனாக இருக்கிறது. தண்ணீரை நக்கி நக்கிக் குடித்துவிட்டு ஈரப்பெட்டிக்குள் போய்விட்டாள்.

மிச்சம் ஒரு கேள்விதான். அந்த ஒயர் துளையை எப்படி அடைப்பது? ரப்பர் மூடி மறுபடி கழன்றுவிடும் என்று பயமாக இருக்கிறது.

கதவிடுக்கு

மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

பழங்காவலன்

தொட்டிக்குள் டேப் ஒட்டவே கூடாது. ஓரம் பெயர்ந்தால் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும், பசை அட்டையின் கதையேதான். ஒயரைச் சுற்றி இறுக்கமாகப் பிடிக்கும் இரட்டை உதட்டு ரப்பர் வளையம் வாங்கி மாட்டி, வெளிப்பக்கத்தில் மீன்தொட்டிக்கான சிலிக்கான் அடைப்புப் பசை தடவுங்கள். பூஞ்சைக்கொல்லி கலந்த குளியலறைச் சிலிக்கான் ஆகாது. காய்ந்து புளிப்பு வாடை முழுவதும் போகும்வரை அவளை வேறு டப்பாவில் வையுங்கள். மேல் வலையின் நான்கு மூலைகளையும், சறுக்குக் கண்ணாடிகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் நடு இடுக்கையும் அப்படியே பார்த்துவிடுங்கள். தலை நுழையும் இடத்தில் முழு உடம்பும் நுழையும்.